பரம்பும் பாதையும்

நுழையும் முன்

உழுத வயலைச் சமன்படுத்தத் தமிழக உழவர்கள் பயன்படுத்தும் பலகைக்குப் பரம்பு என்று பெயர். மழை நிறைந்த தீவில் வீட்டுச் சரளைப் பாதையைச் செப்பனிடவும் அதே பலகையின் நுட்பம் உதவும். பழைய இரும்பைக் கொண்டு டிராக்டரின் பின்னால் பூட்டும் சமன்கருவி ஒன்றை எவ்வாறு உருவாக்கலாம், அதை எவ்வாறு சோதித்தறியலாம் என்பதை விளக்குகிறது இப்பாடம்.

மழையும் மேடும்

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் தலைநகர் நெடுங்காலம் போர்ட் பிளேயர் என்னும் பெயரால் வழங்கியது. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்னும் புதிய பெயர் அறிவிக்கப்பட்டது. அந்நகரின் ஒரு பகுதியே மரைன் ஹில். பெயரிலேயே குன்றைத் தாங்கிய இப்பகுதியைப் போலவே நகரின் பிற பகுதிகளும் மேடும் சரிவுமாக அமைந்துள்ளன. இங்கு வீட்டுக்கு வீடு செல்லும் பாதை, ஏறும் பாதையாகவோ இறங்கும் பாதையாகவோ இருப்பது இயல்பு.

இத்தீவில் தென்மேற்குப் பருவக்காற்றும் மழை தருகிறது. வடகிழக்குப் பருவக்காற்றும் மழை தருகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்யும் மழையைப் போல் இது இரு மடங்குக்கும் மேலாகும். இந்த அளவை ஒரு வீட்டுப் பாதையின்மீது வைத்துப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும். 50 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உடைய பாதையின் பரப்பு 150 சதுர மீட்டர். அதன்மேல் ஓராண்டில் 3 மீட்டர் உயரத்துக்கு மழைநீர் விழுகிறது. அந்நீரின் அளவு 450 கன மீட்டர். அதாவது 4,50,000 லிட்டர். 9000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் 50 வந்து, ஒன்றன்பின் ஒன்றாக அப்பாதையின்மேல் நீரைக் கொட்டியதற்கு இது சமம்.

இவ்வளவு நீரும் பாதையை விட்டு விரைவாக இருபுறமும் விலகிச் சென்றால் தீங்கு இல்லை. விலகாமல் பாதையின் வழியே ஓடினால், முதலில் மெல்லிய மண்ணை அரித்துச் செல்லும். பின்னர்க் கற்களைப் புரட்டும். இறுதியில் பாதையே ஓடையாகிவிடும். பள்ளிக்குச் செல்லும் குழந்தையின் மிதிவண்டியும், நோயாளியை ஏற்ற வரும் ஆம்புலன்சும் அவ்வோடையைக் கடந்தே வரவேண்டியிருக்கும். அரித்துச் செல்லப்பட்ட மண்ணும் மறைந்துபோவதில்லை. குன்றிலிருந்து இறங்கிய சேற்றுநீர் கடலில் கலக்கும். நீர் கலங்கினால் பவளப்பாறைகளுக்குக் கிடைக்கும் ஒளி குறையும். படியும் வண்டல் பவள உயிர்களை மூடும். அவ்வுயிர்களைக் காக்க 1983ஆம் ஆண்டில் வண்டூர்ப் பகுதியில் கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்ட தீவு இது. ஆகவே ஒரு வீட்டுப் பாதையைச் செப்பமாக வைத்திருப்பது அவ்வீட்டாருக்கு மட்டும் உரிய செய்தி அன்று.

சரளைப் பாதையின் உறுப்புகள்

சரளைப் பாதை என்பது கற்களைக் கொட்டிப் பரப்பிய இடம் மட்டும் அன்று. அதில் மூன்று பொருள்கள் சேர்ந்திருக்க வேண்டும். உடைத்த கற்கள் சுமையைத் தாங்குகின்றன; மணல் கற்களுக்கு இடையேயுள்ள வெளியை நிரப்புகிறது; களிமண் கலந்த நுண்மண் அனைத்தையும் பிணைக்கிறது. கடலை உருண்டையில் கடலையை வெல்லப்பாகு பிடித்துக்கொள்வதைப் போன்றது இது. பாகு குறைந்தால் கடலை உதிரும். பாகு மிகுந்தால் கையில் ஒட்டும். அதுபோலவே நுண்மண் குறைந்தால் கற்கள் சிதறும். மிகுந்தால் மழைக்காலத்தில் பாதை சேறாகும்.

கற்களின் வடிவமும் கருதத்தக்கது. ஆற்றில் உருண்டு வழவழப்பான கூழாங்கற்கள் சக்கரத்தின் அழுத்தத்தில் நழுவும். உடைத்த கற்களுக்கு முனைகள் உண்டு. அம்முனைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். ஸ்காட்லாந்து நாட்டவரான ஜான் லவுடன் மெக்கடம் இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு சாலைகள் அமைத்தார். 1816ஆம் ஆண்டில் அவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரச் சாலைகளின் பொறுப்பை ஏற்றார். சிறிதாக உடைத்த கற்களை அடுக்கடுக்காகப் பரப்பி, சாலையின் நடுப்பகுதியை ஓரங்களைவிடச் சற்றே உயர்த்தினார். சாலையைக் கெடுக்கும் முதற்பகை நீரே என்பது அவர் கொள்கை.

நடுவில் அமையும் இவ்வுயர்வை நடுமேடு எனலாம். இன்றைய சரளைப் பாதைகளில் நடுவிலிருந்து ஓரம் வரை 100க்கு 4 என்னும் அளவில் சரிவு அமைப்பது வழக்கம். 3 மீட்டர் அகலமுள்ள பாதையில் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே 150 செ.மீ. தொலைவு உள்ளது. அதற்கு 6 செ.மீ. உயர்வு போதும். நான்கு விரல் அகலத்தைவிடச் சிறிய இவ்வுயர்வுதான் மழைநீருக்கு வழிகாட்டுகிறது. ஆனால் ஒவ்வொரு வண்டியும் ஒரே தடத்தில் செல்வதால் சக்கரத்தடங்கள் பள்ளமாகின்றன, சிதறிய சரளை ஓரங்களில் ஒதுங்குகிறது, நடுமேடு அழிகிறது. ஒதுங்கிய சரளையை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவருவதே செப்பனிடுதலின் நோக்கம். புதுச் சரளையை வாங்கிக் கொட்டுவது அதன்பின் வரும் வேலை. தீவில் கல்லும் இரும்பும் எளிதாகக் கிடைப்பன அல்ல என்பதால், இருக்கும் சரளையை இழக்காமல் காப்பதற்கு இங்கு மதிப்பு மிகுதி.

பரம்பு கற்பிக்கும் பாடம்

நெல் வயலை உழுது நீர் பாய்ச்சிய பிறகு, உழவர் மாடுகளின் பின்னால் கனமான பலகையைப் பூட்டி வயல் முழுவதும் இழுப்பார். இதனைப் பரம்படித்தல் என்பர். மரமடித்தல் என்றும் சில ஊர்களில் கூறுவர். மேட்டை அடையும்போது உழவர் பலகையின்மேல் ஏறி நின்று தம் எடையைச் சேர்ப்பார். அப்போது பலகை மண்ணை வாரிக்கொள்ளும். பள்ளத்தை அடைந்ததும் எடையைக் குறைப்பார். வாரிய மண் அங்கே இறங்கிவிடும். ஒரு காலில் அழுத்தம் கொடுத்தால் பலகையின் அப்பக்கம் ஆழ்ந்து இழுக்கும். அளவுகோலோ இயந்திரமோ இன்றி, உழவரின் கால்களே கருவியை இயக்கும் நெம்புகோல்களாகின்றன.

வயல் சமமாக இல்லாவிட்டால் மேட்டில் நீர் நில்லாது, களை மண்டும். பள்ளத்தில் நீர் தேங்கும், இளநாற்று மூழ்கும். ஆகவே வயலில் நீர் எங்கும் ஒரே உயரத்தில் நிற்கவேண்டும். பாதையிலோ நீர் எங்கும் நிற்கக்கூடாது. வயலுக்கு வேண்டியது மட்டம். பாதைக்கு வேண்டியது சரிவு. நோக்கம் மாறினாலும், மேட்டு மண்ணை வாரிப் பள்ளத்தில் இடும் செயல் ஒன்றே.

மிசௌரி உழவரின் பிளந்த மரம்

இதே செயலை அமெரிக்க நாட்டின் சாலையில் செய்து பார்த்தவர் ஓர் உழவர். மிசௌரி மாநிலத்தின் மெய்ட்லாந்து என்னும் சிற்றூருக்கு அருகே டேவிட் வார்டு கிங் என்பவர் வேளாண்மை செய்துவந்தார். அக்காலத்து ஊர்ச்சாலைகள் மண்சாலைகள். மழை பெய்தால் வண்டிச் சக்கரங்கள் அச்சு வரை புதையும். காய்ந்தால் தடங்கள் கல்லாக இறுகும். விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல வழியின்றி உழவர்கள் துன்புற்றனர். 1896ஆம் ஆண்டில் கிங், வீட்டில் கிடந்த மரங்களை இணைத்து எளிய இழுவைக் கருவி ஒன்றை அமைத்தார். குதிரைகளைப் பூட்டித் தம் வீட்டருகே இருந்த சாலையில் இழுத்துப் பார்த்தார்.

பின்னர் அக்கருவி செம்மையான வடிவம் பெற்றது. 7 முதல் 9 அடி வரை நீளமுள்ள ஒரு மரத்தை நெடுக்காகப் பிளந்து, இரு பாதிகளையும் 30 அங்குல இடைவெளியில் முன்னும் பின்னுமாக நிறுத்தி, குறுக்குக் கட்டைகளால் இணைத்தனர். முன் பாதி மண்ணைச் சுரண்டியது. பின் பாதி அதனைப் பூசி அழுத்தியது. சங்கிலியை ஒருபக்கமாக மாட்டியதால் கருவி சாய்வாக நகர்ந்தது. ஓரத்து மண் சாய்வின் வழியே நடுவை நோக்கி நழுவியது. ஓட்டுபவர் பரம்பின்மேல் நிற்கும் தமிழக உழவரைப் போலவே கருவியின்மேல் நின்று, எடையை அங்குமிங்கும் மாற்றினார். இருவரும் ஒருவரையொருவர் அறியார். எனினும் மண் இருவருக்கும் ஒரே பாடத்தையே கற்பித்தது.

கிங் கண்டறிந்த மிகச்சிறந்த செய்தி கருவியைப் பற்றியது அன்று, காலத்தைப் பற்றியது. மழை ஓய்ந்து, மண் ஈரமாக இருந்தாலும் கருவியில் ஒட்டாத நிலையை அடைந்தபோது இழுக்கவேண்டும் என்றார் அவர். அப்போது பூசப்பட்ட மண் உலர்ந்து கெட்டியான மேலோடாகும்; அடுத்த மழை அதன்மேல் வழிந்தோடும். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் இழுக்க இழுக்கச் சாலை உறுதி பெறும். அவர் ஊர் ஊராகச் சென்று இம்முறையைக் கற்பித்தார். 1908ஆம் ஆண்டில் அமெரிக்க வேளாண்மைத் துறை, பிளந்த மர இழுவையைப் பற்றிய அவருடைய விளக்கத்தை உழவர்களுக்கான 321ஆம் வெளியீடாக அச்சிட்டது. விலை மிகுந்த பொருள் எதுவும் இன்றி எவரும் செய்துகொள்ளக்கூடிய கருவி என்பதே அதன் வெற்றிக்குக் காரணம்.

டிராக்டரும் மும்முனை இணைப்பும்

மாட்டையும் குதிரையையும் தொடர்ந்து டிராக்டர் வந்தது. தொடக்ககால டிராக்டர்கள் கலப்பையைச் சங்கிலியாலோ கம்பியாலோ இழுத்தன. மண்ணுள் மறைந்த பாறையில் கலப்பை சிக்கினால், பின்சக்கரங்கள் சுழன்றுகொண்டே இருக்க, டிராக்டரின் முன்பகுதி மேலெழுந்து ஓட்டுபவர்மீதே கவிழும் இடர் இருந்தது. அயர்லாந்தில் 1884ஆம் ஆண்டு பிறந்த ஹாரி பெர்குசன் இதற்குத் தீர்வு கண்டார். கீழே இரண்டு கைகளும் மேலே ஒரு கையும் ஆக மூன்று இடங்களில் கருவியை டிராக்டரோடு இணைத்தார். இது மும்முனை இணைப்பு எனப்படுகிறது. கருவி தடைபடும்போது மேற்கை டிராக்டரை முன்னோக்கித் தள்ளுகிறது. முன்சக்கரங்கள் தரையில் பதிந்து நிற்க அது உதவுகிறது. எண்ணெய் அழுத்தத்தால் கருவியை ஏற்றவும் இறக்கவும் முடிகிறது. 1939ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபோர்டு பெர்குசன் டிராக்டர் இம்முறையை உலகெங்கும் பரப்பியது. சென்னையில் 1960ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் மாசி பெர்குசன் டிராக்டர்களை உருவாக்கியது. ஆகவே பெர்குசனின் மூன்று முனைகள் தமிழக வயல்களுக்கும் பழக்கமானவையே.

கருவியை உருவாக்குதல்

பெரிய சாலைகளைச் சமன்படுத்த மோட்டார் கிரேடர் என்னும் இயந்திரம் உண்டு. அதன் நீண்ட உடலின் நடுவே அலகு தொங்கும். முன்சக்கரம் மேட்டில் ஏறினாலும் நடுவிலுள்ள அலகு சிறிதளவே உயரும். டிராக்டரின் பின்னால் ஒற்றை அலகை மட்டும் பூட்டினால் நிலை வேறு. முன்சக்கரம் மேட்டில் ஏறும்போது பின்னால் உள்ள அலகு தாழ்ந்து குழி பறிக்கும். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அலகு உயர்ந்து மேட்டை விட்டுவிடும். பழைய மேடுபள்ளத்தோடு புதிய மேடுபள்ளமும் சேர்ந்துவிடும்.

இதற்கான விடை தச்சரின் கைகளில் உள்ளது. மரத்தைச் சமன்படுத்தத் தச்சர் நீளமான இழைப்புளியைத் தேர்ந்தெடுப்பார். குட்டையான இழைப்புளி மரத்தின் மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கும். நீளமானது மேடுகளின் முகட்டில் மட்டும் பட்டு அவற்றைச் சீவும். சமன்கருவியும் தரையின்மேல் செல்லும் இழைப்புளியே. எனவே அதற்கு நீண்ட அடிப்பகுதி வேண்டும்.

இத்தகைய கருவியின் உறுப்புகள் வருமாறு:

1. சறுக்குச் சட்டங்கள்: இருபுறமும் தரையில் சறுக்கிச் செல்லும் 2.2 மீட்டர் நீளச் சட்டங்கள். பழைய சி சேனல் இரும்பு இதற்கு ஏற்றது. முன்முனைகள் படகின் முகப்பைப் போல மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். இல்லையேல் அவை மண்ணில் குத்திக்கொள்ளும்.

2. வெட்டலகுகள்: முன்னொன்றும் பின்னொன்றுமாக 75 செ.மீ. இடைவெளியில் அமையும் இரண்டு எஃகுப் பட்டைகள். இவை தேய்பவை, ஆகையால் பற்றவைக்காமல் போல்ட்டுகளால் பிணைப்பது நல்லது. ஒரு விளிம்பு தேய்ந்தால் கழற்றித் திருப்பி மாட்டலாம். போல்ட்டின் துளைகளை நீள்வடிவில் அமைத்தால் அலகை ஏற்றி இறக்கவும் முடியும்.

3. குறுக்குச் சட்டங்கள்: இரு சறுக்குச் சட்டங்களையும் கோணாமல் இறுகப் பிடிக்கும் இரும்புகள்.

4. இணைப்புச் சட்டம்: டிராக்டரின் மூன்று கைகளையும் ஏற்கும் முக்கோண வடிவச் சட்டம்.

டிராக்டர் பின்சக்கரங்களின் வெளி அகலம் 1.5 மீட்டர் எனக் கொண்டால், கருவியின் அகலம் அதைவிடச் சற்று மிகுந்து 1.65 மீட்டர் இருக்கவேண்டும். அப்போதுதான் சக்கரம் பதித்த தடத்தைக் கருவியே அழித்துச் செல்லும். அலகுகள் நேர்குறுக்காக இல்லாமல் 30 பாகை சாய்வாக அமையும். அவ்வாறு சாய்க்கும்போது 1.65 மீட்டர் அகலத்தை அடைக்க ஏறத்தாழ 1.9 மீட்டர் நீள அலகு தேவைப்படும்.

எந்த முனை முன்னால் இருக்கவேண்டும்? இந்தியாவில் வண்டிகள் இடப்புறமாகச் செல்லும். பாதையின் இடப்பாதியில் டிராக்டர் செல்லும்போது ஓரம் இடப்பக்கத்திலும் நடுமேடு வலப்பக்கத்திலும் இருக்கும். ஆகவே அலகின் இடமுனை முன்னும் வலமுனை பின்னும் அமைந்தால் ஓரத்துச் சரளை வலப்புறமாக நழுவி நடுவை அடையும். திரும்பி வரும்போது மறுபாதியிலும் இதுவே நிகழும். சரளை வெளியேற வலப்புறச் சறுக்குச் சட்டத்தின் அடியில், அலகின் முனைக்கு அருகே, ஒரு திறப்பு வெட்டி விடப்படவேண்டும்.

இரும்பை அறுப்பதும் பற்றவைப்பதும் தேர்ந்த பட்டறைத் தொழிலாளரின் வேலை. பற்றவைக்கும் ஒளியை வெறுங்கண்ணால் நோக்குதல் கூடாது.

கருவியைச் சோதித்தல்

கருவி முடிந்துவிட்டது என்பதனால் அது பயன் தரும் என்று கொள்ளல் ஆகாது. சோதனையே அதன் தகுதியை உரைக்கும். சோதனைக்கு முன் பாதையின் நிலையை அளந்து எழுதிவைக்க வேண்டும். இல்லையேல் பின்னர் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இராது. வளைவற்ற 3 மீட்டர் நேர்க்கோலைப் பாதையின்மேல் நீளவாக்கில் வைத்து, கோலுக்கும் தரைக்கும் இடையேயுள்ள மிகப்பெரிய இடைவெளியை அளக்கலாம். நடுமேட்டின் உயரத்தை அறியக் கொத்தனாரின் நூலும் மட்டக்குழாயும் போதும். நீர் நிரம்பிய ஒளிபுகும் குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்பதால், நடுவும் ஓரமும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை அது காட்டிவிடும்.

சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். எடை, ஆழம், வேகம் ஆகிய மூன்றையும் ஒருங்கே மாற்றினால், விளைவுக்கு எது காரணம் என்பது தெரியாமற்போகும்.

முதலில் எடை. உலர்ந்து இறுகிய பாதையில் எடை குறைந்த கருவி மேலோட்டமாகச் சறுக்கிச் செல்லும். கீறல் மட்டுமே விழும். மணல் மூட்டைகளைச் சட்டத்தின்மேல் கட்டி எடையைக் கூட்டலாம். பரம்பின்மேல் உழவர் நிற்பதைக் கண்டு, ஓடும் கருவியின்மேல் ஆளை ஏற்றுதல் கூடாது. மாட்டின் வேகம் வேறு. டிராக்டரின் விசை வேறு.

அடுத்தது ஆழம். அலகை மிகத் தாழ்த்தினால் கருவி ஒரு சில மீட்டரிலேயே சரளையால் நிரம்பும். பின்சக்கரங்கள் வழுக்கிச் சுழலும். பாதையின் அடிப்படைக் கற்களும் பெயர்ந்துவிடும். சறுக்குச் சட்டத்தின் அடிவிளிம்பைவிட அலகு 1 செ.மீ. மட்டும் தாழ்ந்திருப்பது நல்ல தொடக்கம். ஒரே முறையில் ஆழமாக வெட்டுவதைவிட, பலமுறை மெல்லச் சீவுவதே சிறந்தது. குழியை மேலோட்டமாக மூடுவதும் பயன் தராது. இறுகிய குழியின் அடி அப்படியே இருந்தால், மேலே நிரப்பிய சரளை அடுத்த மழையில் வெளியேறிவிடும். குழியின் அடி வரை கிளறிவிட்டு நிரப்பினால்தான் பழையதும் புதியதும் பிணையும்.

மட்டம் சரியானபின் சாய்வு. டிராக்டரின் வலப்புறத் தூக்குகோலில் உள்ள திருகைச் சுழற்றிக் கருவியின் வலப்பக்கத்தைச் சற்றே உயர்த்தலாம். ஓரம் தாழவும் நடு உயரவும் இது வழிசெய்யும்.

இறுதிச் சோதனை மிக எளியது. ஒரு வாளி நீரை நடுமேட்டில் மெதுவாக ஊற்றவேண்டும். நீர் இருபுறமும் பிரிந்து ஓரத்தை அடைந்தால் வேலை நன்று. நடுவில் தேங்கினாலோ தடத்தின் வழியே நீளவாக்கில் ஓடினாலோ, மீண்டும் ஒருமுறை கருவியை இழுக்கவேண்டும்.

பதறாத காரியம்

வேகத்தைப் பற்றித் தனியே கூறவேண்டும். சரளைப் பாதைகளில் துணி துவைக்கும் பலகையைப் போல வரிவரியாக மேடுகள் தோன்றுவதைப் பலரும் கண்டிருப்பர். அவை ஏன் தோன்றுகின்றன என்பதைக் கனடா, பிரான்ஸ், இங்கிலாந்து நாடுகளின் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2007ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சுழலும் வட்ட மேடையில் மணலைப் பரப்பி, அதன்மேல் சிறு சக்கரத்தை உருளவிட்டனர். வேகம் குறைவாக இருந்தவரை மணல் சமமாகவே இருந்தது. வேகம் ஒரு வரம்பைக் கடந்ததும் அலைமேடுகள் தாமே எழுந்தன. பின்னர்ச் சக்கரத்தை நீக்கிவிட்டுச் சாய்ந்த தகட்டை மணலின்மேல் இழுத்தபோதும் அதே அலைகள் தோன்றின.

இவ்வாய்வு சமன்கருவியை இயக்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. மேட்டை அழிக்கச் சென்ற அலகே, விரைந்து இழுக்கப்பட்டால், புதிய அலைமேடுகளை உண்டாக்கிவிடும். ஆகவே டிராக்டர் மனிதர் நடக்கும் வேகத்தில், மணிக்கு 4 அல்லது 5 கிலோமீட்டர் அளவில் செல்வதே ஏற்றது. பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி சரளைக்கும் பொருந்துகிறது.

கருவியால் இயலாதவை

எந்தக் கருவிக்கும் எல்லை உண்டு. செங்குத்தான சரிவில் நடுமேடு மட்டும் போதாது. நீர் ஓரத்தை அடைவதற்கு முன்பே பாதையின் வழியே கீழ்நோக்கி விரையும். அங்கே இடையிடையே குறுக்கு வடிகால் வேண்டும். ஓரத்தில் சேரும் நீரை ஏற்கக் கால்வாய் வேண்டும். அக்கால்வாய் அண்டை வீட்டாரின் முற்றத்தில் முடியாதிருத்தல் வேண்டும். கவிழும் இடர் உள்ள சரிவில் டிராக்டரை ஏற்றுதலே தவறு. கருவியைச் சங்கிலியால் இழுக்க நேர்ந்தால், டிராக்டரின் பின்பக்கத் தாழ்ந்த இழுவைக் கொக்கியில் மட்டுமே மாட்டவேண்டும். உயரமான இடத்தில் மாட்டினால், கருவி சிக்கும்போது டிராக்டர் பின்னோக்கிக் கவிழ்ந்துவிடும். பெர்குசன் தீர்க்க முயன்ற அதே இடர் மீண்டும் தோன்றும்.

மழை இடைவெளி விட்டு, மண் ஈரமாகவும் ஒட்டாமலும் இருக்கும் நாளை நோக்கிக் காத்திருப்பதும் வேலையின் ஒரு பகுதியே. அந்த நாளைக் கருவி அறியாது. மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்ப்பவரே அறிவார்.

தஞ்சை வயலில் நீரை நிறுத்துவதற்குப் பலகை இழுக்கப்பட்டது. மிசௌரிச் சாலையில் நீரை வழியவிடுவதற்கு மரம் இழுக்கப்பட்டது. அந்தமான் குன்றில் இரும்பு இழுக்கப்படும்போது, இரண்டு அறிவும் ஒன்றாகச் சேர்கின்றன. தாத்தா பாட்டியின் ஊரில் வழங்கும் பரம்பு என்னும் சொல், கடல் கடந்த தீவிலும் பயனற்றுப் போகவில்லை.

சொல்லும் பொருளும்

பரம்பு - உழுத நிலத்தைச் சமன்படுத்தும் பலகை
சரளை - சிறு கற்கள் கலந்த மண்
நடுமேடு - பாதையின் நடுவில் அமையும் உயர்வு
அலகு - வெட்டும் பட்டை
இழைப்புளி - மரத்தைச் சீவிச் சமன்படுத்தும் தச்சுக் கருவி
பாகை - கோணத்தை அளக்கும் அலகு
வண்டல் - நீர் கொண்டுவந்து படியவிடும் மண்

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. சரளைப் பாதையில் நுண்மண்ணின் பணி யாது?
2. உழவர் பரம்பின்மேல் ஏறி நிற்பது ஏன்?
3. கிங் எத்தகைய நாளில் கருவியை இழுக்கவேண்டும் என்றார்?
4. மும்முனை இணைப்பு ஓட்டுபவரை எவ்வாறு காக்கிறது?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.

1. நெல் வயலுக்கு மட்டமும் பாதைக்குச் சரிவும் தேவைப்படுவதன் காரணத்தை ஒப்பிட்டு எழுதுக.
2. நீண்ட இழைப்புளிக்கும் சமன்கருவிக்கும் உள்ள ஒற்றுமையை விளக்குக.
3. சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும் என்பது ஏன்? வேறொரு சோதனையைச் சான்றாகக் காட்டி எழுதுக.

இ. கணக்கிட்டு எழுதுக. (பயிற்சிக்காகத் தரப்பட்ட எண்கள்)

ஒரு பாதையில் ஐந்து இடங்களில் நேர்க்கோலின் அடியில் அளந்த இடைவெளி: சமன்படுத்துவதற்கு முன் 4, 2, 5, 3, 6 செ.மீ.; சமன்படுத்திய பின் 1, 1, 2, 0, 1 செ.மீ. இரண்டின் சராசரியையும் காண்க. மீண்டும் கருவியை இழுக்கவேண்டிய இடம் எது என நீங்கள் கருதுகிறீர்கள்? காரணம் கூறுக.

ஈ. ஒரு சொல், பல பொருள்.

'அடி' என்னும் சொல் கீழ்க்காணும் இடங்களில் என்ன பொருளில் வந்துள்ளது? எழுதுக.

1. பரம்படித்தல்
2. 9 அடி நீளமுள்ள மரம்
3. குழியின் அடி வரை கிளறுதல்

உ. கேட்டு எழுதுக.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அவர்களுடைய ஊரில் வழங்கிய உழவுக் கருவிகளின் பெயர்களைக் கேட்டறிந்து, ஒவ்வொன்றின் பயனையும் ஒரு தொடரில் எழுதுக. அவற்றுள் எதனை இத்தீவில் வேறொரு வேலைக்குப் பயன்படுத்தலாம் என்று சிந்தித்து வகுப்பில் கூறுக.